எழுபது மீட்டர் அகலம்: சேலம்–சென்னை சாலைத் தடத்தில் ஒரு பயணம்

ஒரு ஏக்கர் நிலம் சரியான சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடி வரும். சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு எடுக்கத் திட்டமிட்ட அகலம் 70 மீட்டர், அதாவது 230 அடி. ஒரு ஏக்கர்காரரின் நிலத்துக்கு நடுவே அந்தச் சாலை போனால், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று எதுவும் மிஞ்சாது. முழு ஏக்கரும் போய்விடும், அதற்கு மேலும் 21 அடி பக்கத்துக்காரரிடம் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான், திட்டத்தின் தடத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நானும் இரண்டு நண்பர்களும் முடிவு செய்தோம். 2023 தை மாதம், இரண்டு பைக்குகளில் கிளம்பினோம். தடம் பெரும்பாலும் பட்டா நிலங்களுக்குள் போவதால் அதன் மீதே நடக்க முடியாது. ஊர்ச் சாலைகளில் போய், ஆங்காங்கே வண்டியை நிறுத்தி, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பு வழியே நடந்தோம். அந்தப் பயணத்தில் புரிந்ததையும், இந்தச் சாலைக்கான நில எடுப்பை எதிர்த்த வழக்கு நடந்த விதத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

திட்டம்

2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பில், 277.3 கிலோமீட்டர் நீளம். அன்றைய மாவட்ட எல்லைகளின்படி காஞ்சிபுரத்தில் 59.1 கி.மீ., திருவண்ணாமலையில் 123.9, கிருஷ்ணகிரியில் 2, தருமபுரியில் 56, சேலத்தில் 36.3. சேலம் முனை அரியானூர். இருக்கும் சாலைகளோடு ஒப்பிட்டால் தூரம் சுமார் 60 கி.மீ. குறையும், பயண நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்று அரசு சொன்னது.

முதலில் 90 மீட்டர் அகலம் பேசப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு 70 ஆனது. 70 மீட்டர் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 7 ஹெக்டேர். மொத்த நீளத்துக்கும் பெருக்கினால் 1,900 ஹெக்டேரைத் தாண்டுகிறது. காடு வழியே போகும் நீளமும் தடத்தை மாற்றியதில் சுமார் 10 கி.மீ. ஆகக் குறைந்தது. இந்தக் குறைப்புகள் எதிர்ப்பினால் கிடைத்தவை என்பதை மறக்கக் கூடாது. முதல் வரைபடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் இதுவும் நடந்திருக்காது.

ஏரி நாடு

சென்னைப் பக்கத்து முதல் பகுதி முழுக்க ஏரிகள். செங்கல்பட்டு, உத்திரமேரூர் வட்டாரத்தில் கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினாலே ஏதாவது ஓர் ஏரிக்கரை கூட வரும். மார்கழி மழை முடிந்திருந்ததால் தண்ணீர் நிறைய இருந்தது. சம்பா நெல் அறுவடைக்குப் பழுத்து நின்றது. வரைபடத்தில் ஏரிகள் தனித்தனி நீலத் திட்டுகளாகத் தெரியும். தரையில் நின்று பார்த்தால் அவை தனித்தனி இல்லை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஓர் ஓடை, பல இடங்களில் புதர் மண்டி, ஆளுயரம்கூட ஆழமில்லாமல், ஒன்றுமில்லாத பள்ளம் போலக் கிடக்கும். கோடையில் அதைத் தாண்டிப் போகிறவருக்கு அது வாய்க்கால் என்றே தெரியாது.

உயர்த்திப் போடும் மண்மேட்டுச் சாலை இந்த ஓடைகளுக்குக் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? பாலமும் குழாய்ப் பாதையும் சரியான இடத்தில், சரியான மட்டத்தில் அமைந்தால் தண்ணீர் போகும். ஓரடி மட்டம் தவறினாலும் மேல்பக்கம் தேங்கும், கீழ்பக்கம் வறளும். சாலை ஒரு நீளமான கரை ஆகிவிடும், யாரும் கேட்காத கரை. ஏரியே எடுக்கப்படாமல் இருக்கலாம், ஏரியில் ஒரு சென்ட் கூடத் தொடாமல் இருக்கலாம். வரத்து நின்றால் ஏரி இருந்தும் பயனில்லை.

உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அங்கே நின்று படிக்கும்போது என் கண்ணில் பட்டது தேர்தல் இல்லை, அந்தத் தேர்தலில் அமைத்த வாரியங்கள். அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாகக் குழு தேவை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் முடிவு செய்திருக்கிறது. தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே போகிறது என்பதை உள்ளூர் ஆட்கள் தவிர வேறு யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குத் தோன்றியது.

கிணற்றுப் பங்கு

செய்யாறு தாண்டினதும் நிலம் மாறத் தொடங்குகிறது. வந்தவாசிப் பக்கம் கோரைப்பாய்த் தறிகள், ஆரணிப் பக்கம் பட்டும் அரிசியும். போளூர், கலசபாக்கம் நெருங்கும்போது குன்றுகள் வந்துவிடுகின்றன. ஏரிப் பாசனம் குறைந்து கிணற்றுப் பாசனம் கூடுகிறது. நெல்லோடு கரும்பும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும். மேற்கே ஜவ்வாது மலை.

திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் தடத்தின் கிட்டத்தட்டப் பாதி நீளம் இருக்கிறது. நாங்களும் இங்கேதான் அதிக நாள் இருந்தோம்.

இது பாறை நாடு. கிணறு வெட்டுவது என்றால் மேல் மண்ணை அள்ளி, அப்புறம் பாறையில் வெடி வைத்து, தலைமுறை தலைமுறையாக ஆழப்படுத்துவது. தாத்தா முப்பது அடி, அப்பா இன்னொரு இருபது, மகன் காலத்தில் அடியில் பக்கவாட்டு போர். கிணற்றைப் பார்த்தாலே குடும்பத்தின் வரலாறு தெரியும். சுவரில் வெடி வைத்த அடையாளங்கள் அடுக்கடுக்காக மாறும். பாகப்பிரிவினை நடக்கும்போது நிலத்தைத் துண்டாக்கலாம், கிணற்றைத் துண்டாக்க முடியாது. அதனால் கிணற்றில் பங்கு. அண்ணனுக்கு இரண்டு நாள் முறைத் தண்ணி, தம்பிக்கு இரண்டு நாள், சித்தப்பா பையனுக்கு ஒரு நாள். பத்திரத்தில் கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம் என்று ஒரு வரி இருக்கும்.

இப்போது இந்த வரியை நில எடுப்பு அறிவிப்போடு வைத்துப் பாருங்கள். அரசிதழில் வருவது புல எண், உட்பிரிவு, பரப்பு. கிணறு இருக்கும் புல எண் அண்ணன் பெயரில் இருக்கிறது, அது தடத்துக்குள் வருகிறது. தம்பியின் நிலம் இருநூறு மீட்டர் தள்ளி, தடத்துக்கு வெளியே. தம்பியின் புல எண் அரசிதழில் வராது. அவருக்கு ஒரு சென்ட் நிலம் கூடப் போகவில்லை, கணக்கின்படி. ஆனால் தண்ணீர் போனதும் அவருடைய இரண்டு ஏக்கர் நஞ்சை மானாவாரி ஆகிவிடும். ஆட்சேபம் தெரிவிக்க 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் தரும் அவகாசம் 21 நாள். அந்த அறிவிப்பு தன்னையும் பாதிக்கிறது என்று தம்பிக்குத் தெரிவதற்குள்ளேயே அந்த நாட்கள் ஓடிவிடலாம்.

நிலம் துண்டாவதால் வரும் நட்டத்தையும் இழப்பீட்டில் கணக்கில் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நிலம் எடுக்கப்பட்டவரைச் சுற்றி எழுதப்பட்ட சட்டம். கிணற்றை நடுவில் வைத்து எழுதப்பட்டதில்லை.

மின்சாரமும் அப்படித்தான். விவசாய இலவச மின் இணைப்பு அந்தக் கிணறு இருக்கும் இடத்துக்குக் கொடுத்தது. கிணறு போனால் இணைப்பை வேறிடத்துக்கு மாற்ற மனு, புதிய இணைப்பு என்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வரிசை. மாற்று நிலம் வாங்கினாலும் அங்கே தண்ணீர் வருமா என்பது பாறையைக் கேட்டால்தான் தெரியும். கிணறு இருந்த ஓர் ஏக்கருக்குப் பதிலாக அதே விலையில் கிணறு இல்லாத ஓர் ஏக்கர் கிடைப்பது ஈடாகாது. இதை நாங்கள் பேசிய ஒவ்வொருவரும் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். பணம் போதாது என்று பேச்சைத் தொடங்கியவர் யாரும் இல்லை. தண்ணியைப் பற்றித்தான் தொடங்கினார்கள்.

நன்னன் நாட்டு வழி

செங்கத்துக்கு வந்தபோது ஒரு விஷயம் மனசில் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த மண்ணைப் பற்றியது. செங்கத்தில் இருந்த நன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு. செய்யாறு அதில் சேயாறு என்று வருகிறது, நவிர மலை வருகிறது. அந்த மலை இன்றைய பர்வதமலை என்பார்கள். எனக்கு அதில் பிடித்தது, வழி சொல்லும் விதம். தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்று சொல்கிறது. எந்தப் பயிர் எங்கே விளைந்திருக்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்கிறது. வழி என்பது அந்தப் பாட்டில் ஊர்களும் பயிர்களும் மனிதர்களும் சேர்ந்தது. இதே நாட்டுக்கு இன்று வரைந்த வழி அவை எல்லாவற்றையும் தொடாமல் கடப்பதற்கான வழி.

நடுகற்களும் இங்கே ஏராளம். எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல்லில் அவனுடைய நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. இந்த வட்டாரத்தில் பதிவான நடுகற்களே நிறைய. வரப்போரத்தில், புளியமரத்தடியில், மஞ்சள் பூசி வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்கள் இன்னும் உண்டு. கும்பிடுகிறவர்களுக்கு அது சாமி, அளவையாளருக்கு ஒரு கல், தொல்லியல் ஆளுக்கு ஆவணம். தடத்தைக் குறிப்பதற்கு முன் அந்த மூன்றாவது ஆள் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கவுத்திமலை–வேடியப்பன்மலைப் பக்கம் வேறொரு பழைய கவலை இருக்கிறது. இரும்புத்தாது எடுக்கும் திட்டத்துக்கு எதிராக அந்த மலையடிவார ஊர்கள் ஏற்கெனவே போராடியவை. அகலமான சாலை வந்தால் பின்னாலேயே சுரங்கமும் வரும் என்று அங்கே பலர் நம்பினார்கள். அரசு அதை மறுத்தது. ஆனாலும் முன் அனுபவம் உள்ள ஊரிடம் மறுப்பு மட்டும் போதாது, உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இந்தத் தடத்தைப் பார்க்கப் போவதே 2018-ல் எளிதாக இல்லை. அந்த ஆண்டு ஜூனில் நில அளவை போலீஸ் பாதுகாப்போடு நடந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். செப்டம்பரில் விவசாயிகளைச் சந்திக்க வந்த ஸ்வராஜ் இந்தியா கட்சித் தலைவர் யோகேந்திர யாதவ் செங்கம் பகுதியில் தடுத்து நிறுத்தப்பட்டார். எங்களை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கையில் வரைபடத்தோடு புதிய ஆட்களைப் பார்த்ததும் பல வீடுகளில் முதலில் ஒரு அமைதி விழும். மறுபடி அளக்க வந்துவிட்டார்களோ என்ற அந்தப் பயம் கலைய ஒரு டம்ளர் மோர் குடிக்கும் நேரம் ஆகும்.

மேற்கே

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் தடம் 2 கி.மீ. மட்டுமே. அடுத்துத் தருமபுரி. தென்பெண்ணையைத் தாண்டி, தீர்த்தமலை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. நிலம் இங்கே இன்னும் வறண்டது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மஞ்சள், கேழ்வரகு, புளி. குச்சிக்கிழங்கு பிடுங்கும் பருவம் அது. லாரிகள் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த லாரிக்காரர்கள் நல்ல சாலை வேண்டும் என்றார்கள், ஆனால் அவர்களுக்கு வேண்டியது விளைநிலத்திலிருந்து ஆலைக்குப் போகும் ஊர்ச் சாலை. நுழையவும் இறங்கவும் சில இடங்களில் மட்டுமே வழியுள்ள விரைவுச்சாலையில் கிழங்கு லாரி எங்கே ஏறும் என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மஞ்சவாடிக் கணவாய் சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிறது. இருக்கும் சேலம்–அரூர் சாலையில் காலை நேரம் போனால், இருபுறமும் மலை, நடுவே காடு, குரங்குகள், குளிர். இங்கே தடத்தின் காட்டுப் பகுதிகளில் ஒன்று வருகிறது. நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. அனுமதி இல்லாமல் போகக் கூடாது, போகவும் விரும்பவில்லை. சாலையோரம் நின்று பார்த்ததையே சொல்கிறேன்: ஒரு கணவாய் எவ்வளவு குறுகலானது என்பது அங்கே நின்றால்தான் தெரியும். மலைக்கு மலை போகும் விலங்குக்கும், மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கும், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கும் இருப்பது அந்த ஒரே இடைவெளிதான். அதில் இன்னொரு 70 மீட்டர்.

முதலில் எது?

நீதிமன்றத்தில் நடந்த வாதம் பல கிளைகளாக இருந்தாலும், அதன் மையம் ஒரு வரிசை பற்றியது. முதலில் நிலத்தை எடுக்கும் அறிவிப்பா, முதலில் சுற்றுச்சூழல் ஆய்வும் அனுமதியுமா?

சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி தீர்ப்பளித்தது. நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. இத்தகைய திட்டத்துக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அரசு பெயருக்கு மாற்றிய வருவாய்ப் பதிவேடுகளைப் பழையபடி உரிமையாளர் பெயருக்கே திருத்தச் சொன்னது.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-ஆம் தேதி அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை மாற்றியது. நிலம் எடுக்கும் உத்தேசத்தைச் சொல்லும் முதல் அறிவிப்புக்குச் சுற்றுச்சூழல் அனுமதி முன்நிபந்தனை இல்லை, வேலை தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றது. ஆனால் நிலம் முறையாக எடுக்கப்படுவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு என்பதில் உயர் நீதிமன்றத்தோடு உடன்பட்டது.

சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் உச்ச நீதிமன்றத்தின் காரணம் புரிகிறது. அறிவிப்பு வெறும் உத்தேசம், அதனால் நிலம் மாறிவிடாது என்பது அதன் அடிப்படை. தடத்தில் போய்ப் பார்த்த பிறகு என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. அறிவிப்பில் புல எண் வந்த நாளிலிருந்தே நிலம் மாறிவிடுகிறது. அதை அடமானம் வைக்கப் போனால் தயக்கம், விற்கப் போனால் ஆள் இல்லை. கிணற்றை ஆழப்படுத்த நினைத்தவர் நிறுத்திவிடுகிறார். தென்னங்கன்று வைக்க நினைத்தவர், காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகுமே, அதுவரை நிலம் இருக்குமா என்று கையைக் கட்டிக்கொள்கிறார். வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்ட நினைத்தவரும் அப்படியே. அளவைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பச்சையும் இந்தப் பக்கம் தரிசுமாகக் கிடந்த நிலங்களைப் பார்த்தோம். சாலை வரவில்லை. தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுகள் கடந்தும் அந்தத் தடத்தில் வேலை தொடங்கவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு யாரும் இழப்பீடு கொடுப்பதில்லை.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற ஒரு நல்ல படியைக் கொண்டுவந்தது. ஊருக்குப் போய், மக்களைக் கேட்டு, யாருக்கு என்ன ஆகும் என்று எழுத வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த மதிப்பீடு பொருந்தாது. புதிய சட்டத்தின் இழப்பீட்டு விகிதம் மட்டும் 2015 முதல் பொருந்துகிறது. அதாவது பணக் கணக்கு புதியது, கேட்கும் முறை பழையது. கிணற்றுப் பங்குக்காரத் தம்பியைக் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஒரே படி அந்த மதிப்பீடுதான்.

சாலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சேலத்திலிருந்து சென்னைக்கு உளுந்தூர்பேட்டை வழியே இரவில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், நான்கு வழியாக ஓடும் சாலை ஊர்ப் புறவழி வந்ததும் திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கிய இடங்கள் எத்தனை ஆபத்தானவையாக இருந்தன என்று. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அந்தப் புறவழிகளை முதலில் அகலப்படுத்துங்கள் என்பதே 2018-ல் போராடியவர்கள் பலரும் சொன்ன மாற்று. கிருஷ்ணகிரி வழியும் இருக்கிறது. இரண்டையும் முழுதாகச் சீர்செய்த பிறகும் இடம் போதவில்லை என்றால் மூன்றாவது வழி பற்றிப் பேசலாம். அந்த வரிசையும் இங்கே தலைகீழாகத்தான் இருந்தது.

கடைசி நாள்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஜருகுமலை அடிவாரத்தில் பாக்கும் தென்னையும் நிற்கும் தோட்டங்கள் வழியே வந்தோம். ஒரு களத்தில் மஞ்சள் வேகவைக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நாங்கள் விரித்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார். கிணறு உள்ளே வருதா வெளியே வருதா, அதை மட்டும் சொல்லுங்க கண்ணு என்றார். நாங்கள் வைத்திருந்தது ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவிலான வரைபடம். அதில் 70 மீட்டர் என்பது ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. பென்சில் கோட்டின் தடிப்பு. கிணறு அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்திருந்தது.

வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, வேலியோரம் 2018-ல் நட்ட கல்லைக் காட்டச் சொன்னோம். பாதி மண்ணில் புதைந்து, கன்றுக்குட்டியைக் கட்டும் முளையாகியிருந்தது. அது ஒரு பக்க எல்லை. அங்கிருந்து தோட்டத்துக்குள் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தோம், அந்த அம்மாவும் கூடவே வந்தார். எழுபது மீட்டருக்கு என் காலடியில் தொண்ணூறு எட்டுக்கு மேல் வரும். ஐம்பத்தெட்டாவது எட்டில் கிணற்று மேடு காலில் தட்டியது.